நிற்கும் வண்டியின் எடை

மீட்டியோர் 350-ன் எடை 191 கிலோ. அவெஞ்சர் குரூஸ் 220-க்கு 163 கிலோ. டிவிஎஸ் ரோனினுக்கு 160 கிலோ. ஐம்பதைத் தாண்டிய பிறகு, பத்துப் பதினைந்து வருட இடைவெளி விட்டு மறுபடியும் பைக் வாங்க நினைப்பவர் இந்த மூன்று எண்களையும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். சிசி, மைலேஜ், சைலன்சர் சத்தம் எல்லாம் அதற்கப்புறம்தான்.

"ஓடும்போது வெயிட்டே தெரியாது சார்" என்று ஷோரூமில் சொல்வார்கள். அது உண்மைதான். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து 140 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீட்டியோரில் ஏறினால் மொத்தம் 331 கிலோ, ரோனினில் ஏறினால் 300. வித்தியாசம் சுமார் பத்து சதவீதம். அதை என்ஜின் பார்த்துக்கொள்ளும்.

இறங்கிய பிறகுதான் கணக்கு மாறுகிறது. கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் ஒரு கடை வாசலில், முன்சக்கரம் சரிவைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தியிருக்கிறீர்கள். இருபுறமும் ஸ்கூட்டர்கள், பின்னால் பஸ் வருகிறது. வண்டியைப் பின்னோக்கி மேட்டில் இழுத்து எடுக்க வேண்டும். இப்போது 160-க்கும் 191-க்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட இருபது சதவீதம். அதைச் சுமப்பது என்ஜின் அல்ல. உங்கள் முழங்காலும் இடுப்பும். என் வயது நண்பர்கள் பைக்கைக் கீழே போட்டதெல்லாம் இப்படிப்பட்ட இடங்களில்தான்: திரும்பும்போது, நிறுத்தும்போது, ஜல்லியில் ஒரு காலை ஊன்றும்போது. வேகத்தில் விழுந்தவர் யாருமில்லை.

எனக்கு 56 வயது, உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், இடது முழங்காலில் தேய்மானத்தின் ஆரம்பம். மூன்று வண்டிகளையும் நண்பர்களிடம் வாங்கி, ஊருக்குள்ளும் கல்வராயன் மலைமேலும் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். என்னைவிட உயரமானவர்கள் சில முடிவுகளை மாற்றிக்கொள்ளலாம்.

எடையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது சீட்டின் உயரம். அவெஞ்சர் 737 மில்லிமீட்டர், மீட்டியோர் 765, ரோனின் 795. மூன்றில் எடை குறைந்த வண்டிதான் உயரம் கூடியது. அவெஞ்சரில் இரண்டு பாதமும் முழுதாகப் பதிந்து முழங்கால் லேசாக மடங்குகிறது. நாற்காலியில் உட்கார்ந்த தைரியம் வருகிறது. மீட்டியோரிலும் பாதம் பதிகிறது. ரோனினில் எனக்குக் குதிகால் கொஞ்சம் தூக்கிக்கொள்கிறது. ஒரு காலை ஊன்றி நிற்பதில் சிரமமில்லை. ஆனால் எந்தக் காலை ஊன்றுவது என்பதை வண்டி நிற்பதற்கு முன்பே முடிவுசெய்துவிட வேண்டும்.

இன்னொரு விஷயம், உடம்பில் தங்கிப்போன பழக்கம். ஆர்எக்ஸ் 100 ஓட்டியவருக்கு வண்டி என்றால் நூறு கிலோ சொச்சம்தான்; கையாலேயே சுழற்றித் திருப்பிய நினைவு தோளில் அப்படியே இருக்கும். ஸ்பிளெண்டர் ஓட்டியவரின் கால் எல்லா கியரையும் முன்பக்கம் மிதித்தே போடும். இந்த வண்டிகளில் முதல் கியர் மட்டும்தான் கீழே, மற்ற நான்கும் மேலே. மூன்றாவதுக்குப் போக நினைத்து முன்னால் மிதித்தால் முதல் கியர் விழுந்து பின்சக்கரம் இழுத்துக்கொள்ளும். பழைய புல்லட்காரருக்கு இன்னும் சிக்கல்: அவருக்கு கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பதற்றத்தில் கால் பழைய இடத்தைத்தான் தேடும். வெறும் மைதானத்தில் எட்டு போட்டு, நின்று, கிளம்பி, கால் புது இடத்தைப் பழகும்வரை மெயின் ரோட்டுக்கு வர வேண்டாம். இதை வலியுறுத்தியே சொல்கிறேன்.

இனி சாலைக்கு வருவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, அங்கிருந்து மலையேறி வெள்ளிமலை, கரியாலூர். வண்டியைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இந்த மாவட்டத்தில் இல்லை. கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால் அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டும். பாரம் இருபக்கமும் பிதுங்கி நிற்க, பின்விளக்கு எரியாமல் ஊர்ந்து போகும் டிரெய்லரைத் தாண்ட வண்டிக்குப் பிக்கப் வேண்டும். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல்லும் மக்காச்சோளமும் காயும். அணையைத் தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள், குரங்குகள், மழை பெய்த மறுநாள் ரோட்டில் அரித்து வந்த மண்ணும் கல்லும்.

சமவெளியில் அவெஞ்சர் அருமையான வண்டி. காலை முன்னால் நீட்டி, முதுகைத் தளர்த்தி, அறுபதில் போய்க்கொண்டே இருக்கலாம். 2005-ல் இந்தப் பெயர் வந்ததிலிருந்து, குறைந்த விலையில் குரூசர் வேண்டும் என்பவருக்கு நம் நாட்டில் இதுதான் நுழைவாசல். ஆனால் கால் முன்னால் இருப்பதாலேயே ஒரு குறையும் வருகிறது. பள்ளம் வரும்போது ஃபுட்ரெஸ்ட்டை மிதித்து உடம்பைச் சற்றே தூக்கிக்கொள்ள முடியாது. அத்தனை அடியும் நேராக வால் எலும்பில் இறங்குகிறது. முதுகுவலி உள்ளவர்கள் குரூசர் என்றாலே முதுகுக்கு நல்லது என்று நம்பி வாங்குகிறார்கள். நல்ல ரோட்டில் மட்டும்தான் அது உண்மை. மேடுபள்ளத்தில் கால் உடம்புக்கு நேர்கீழே இருப்பதுதான் முதுகைக் காப்பாற்றும்.

மலையில் வேறொன்றும் தெரிந்தது. அவெஞ்சருக்கும் ரோனினுக்கும் திறன் ஏறக்குறைய ஒன்றுதான்: ஒன்று 19 பிஎஸ், மற்றது 20.4. ஆனால் இழுவை எங்கே கிடைக்கிறது என்பதில்தான் வித்தியாசம். அவெஞ்சரின் உச்ச இழுவையான 17.55 நியூட்டன் மீட்டர் 7000 சுற்றில் வருகிறது. ரோனினின் 19.93, 3750 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. மீட்டியோருக்கு 4000 சுற்றில் 27. கொண்டை ஊசியில் வேகம் பதினைந்துக்கு இறங்கி, பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்க, மறுபடி ஏறும் அந்த நொடியில் இந்த எண்களெல்லாம் கையிலும் காலிலும் தெரிகின்றன. அவெஞ்சரில் சரியான கியரில் இல்லையென்றால் என்ஜின் திணறும். கிளட்சைப் பிடித்து, கியரைக் குறைத்து, முறுக்க வேண்டும். வளைவின் நடுவில் இத்தனை வேலை பார்ப்பது நெடுநாள் கழித்து ஓட்டுபவருக்கு நல்லதல்ல. அதன் சக்கர இடைவெளியும் 1490 மில்லிமீட்டர் என்பதால் இறுக்கமான வளைவில் வண்டி அகலமாகத்தான் திரும்புகிறது.

மீட்டியோர் இந்த இடத்தில் ராஜா. இரண்டாவது கியரில் வளைவு, மூன்றாவதில் ஏற்றம், அவசரமே இல்லை. 2020 நவம்பரில் வந்த இந்த என்ஜின், பழைய புல்லட்டின் உதறல் இல்லாமல் மெத்தென்று இழுக்கிறது. குதிகாலாலும் கியர் போட வசதியான நீள லீவர், முள் வைத்த ஸ்பீடோமீட்டர், இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க், இரட்டைத் தட ஏபிஎஸ். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிகிறது. ரோனினின் டிஜிட்டல் திரையை நான் உச்சி வெயிலில் கண்ணைச் சுருக்கித்தான் படித்தேன். இத்தனைக்கும் பிறகும் வெள்ளிமலைக் கடைத்தெருவில், சரிவில் நிறுத்திய மீட்டியோரைத் திருப்பி எடுக்க என்னால் முடியவில்லை. கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த மலையாளி பழங்குடி இளைஞர் ஒருவர் பின்னாலிருந்து பிடித்து இழுத்துத் தந்தார். முழங்கால் அன்று இரவு வலித்தது. தனியாகப் போகிறவருக்கு எல்லா இடத்திலும் அப்படி ஒருவர் கிடைக்கமாட்டார்.

அந்த இளைஞரே ஒரு பாடமும் சொன்னார்: "எறங்கும்போது ரெண்டுலயே வாங்கய்யா, பிரேக்கப் புடிச்சிக்கிட்டே வராதீங்க." மலை இறங்குவதன் சூத்திரம் அதுதான். ஏறிய கியரிலேயே இறங்கினால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறும், சூடேறினால் பிடிமானம் குறையும். அவெஞ்சர் குரூஸில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக், ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும். அதனால் அந்த வண்டிக்கு இந்த அறிவுரை இரட்டிப்பாகப் பொருந்தும். ரோனினில் விலை குறைந்த வகைக்கு ஒற்றைத் தட ஏபிஎஸ், மேல்வகைக்கு இரட்டை. அரித்து வந்த மண்ணில் பின்சக்கரம் வழுக்குவதை நினைத்தால் மேல்வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

கையைப் பற்றியும் பேச வேண்டும். காலையில் விரல் மூட்டு இறுகும் வயதில் கிளட்ச் லீவரின் கனம் சின்ன விஷயமல்ல. ரோனினில் உள்ள ஸ்லிப்பர் கிளட்ச் லீவரை லேசாக்குகிறது. அவசரத்தில் கியரைத் தடாலென்று குறைத்தாலும் பின்சக்கரம் குதிப்பதைக் கட்டுப்படுத்துகிறது. நெரிசலில் ஆக்சிலேட்டர் முறுக்காமலே முதல் கியரில் தானாக ஊர்ந்துபோகும் வசதியும் உண்டு. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் மாலை ஆறு மணிக்கு இதன் அருமை புரிந்தது. மீட்டியோரிலும் 2025-ல் வந்த புது வகைக்கு ஸ்லிப்பர் கிளட்ச் கொடுத்திருக்கிறார்கள். பழைய மீட்டியோரை செகண்ட்ஹேண்டில் எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டயர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவெஞ்சர் குரூஸுக்குக் கம்பிச் சக்கரம், டியூப் டயர். ரோனினுக்கு அலாய் சக்கரம், டியூப்லெஸ். மீட்டியோரில் கம்பிச் சக்கர வகையை விட்டு அலாய் வகையை எடுங்கள். மலையேற்றத்தின் நடுவே பஞ்சர் கடை கிடையாது. டியூப்லெஸ் என்றால் காற்று மெதுவாக இறங்கும். அடிவாரம்வரை வந்து சேர வாய்ப்பாவது இருக்கும்.

ஜப்பானில் இப்படி நெடுநாள் கழித்து மறுபடி பைக்குக்குத் திரும்பி வருகிறவர்களை ஒரு தனிக் கூட்டமாகவே கம்பெனிகள் கவனிக்கின்றன. அங்கே நன்றாக விற்கும் ஹோண்டா ரெபெல் 250-ன் சீட் உயரம் 690 மில்லிமீட்டர், எடை 170 கிலோ அளவில். தாழ்வு, லேசு, நடுத்தர சக்தி மூன்றும் ஒரே வண்டியில். நமக்கு அந்த 250 வரவில்லை. 2025-ல் வந்தது 471 சிசி கொண்ட ரெபெல் 500. அதே 690-தான், ஆனால் விலை எட்டாத உயரம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40. நான் ஓட்டிய மூன்றும் 18-க்குள் வருபவை. இந்த மூன்றின் நல்லதையும் சேர்த்து, 740 மில்லிமீட்டர் சீட்டில் 150 கிலோவுக்குள் ஒரு வண்டியை ஓசூரிலோ ஒரகடத்திலோ யாராவது செய்ய வேண்டும் என்பது என் ஆசை. வாங்க ஆள் இருக்கிறது.

வாங்கும் முன் லைசென்சை எடுத்துத் தேதியைப் பாருங்கள். காலாவதியாகி ஓராண்டு தாண்டியிருந்தால் ஆர்டிஓ ஆபீஸில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். 55 வயதுக்கு மேல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்றுக்காகக் கண் பரிசோதனைக்குப் போகும்போதே, எதிரில் வரும் விளக்கு கூசுகிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கண்புரை ஆரம்பித்திருந்தால் இருட்டுவதற்குள் மலையிலிருந்து இறங்கிவிடுவதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

இப்போது தீர்ப்பு. உயரம் குறைவு, ஓட்டப்போவது சின்னசேலம், தியாகதுருகம், சங்கராபுரம் என்று சமவெளியில்தான் என்றால் அவெஞ்சர் போதும். வாரம் ஒருமுறை நால்வழிச்சாலையில் சேலம் போய்வருபவர், முழங்கால் நன்றாக இருப்பவர், வீட்டு வாசல் சமதளமாக உள்ளவர் மீட்டியோரை எடுக்கலாம். ரோனின் நூறைத் தொடும்போது கைப்பிடியில் தெரியும் அதிர்வு மீட்டியோரில் இல்லை. மலைக்கும் ஊருக்கும் ஒரே வண்டி, தனியாகவே தள்ளி நிறுத்த வேண்டும் என்றால் ரோனின்.

என் தேர்வும் ரோனின்தான், இரட்டை ஏபிஎஸ் வகை. ஒரே ஒரு தடை என் மனைவி. அவெஞ்சரின் முதுகுச் சாய்வு அவளுக்குப் பிடித்திருந்தது. ரோனினில் அது கிடையாது, புடவையில் ஒருபக்கமாக உட்கார இடமும் குறைச்சல். சுடிதாரில் இருபக்கமும் கால் போட்டு கோமுகி அணைவரை வந்து பார்த்தாள். சாய்வு ஒன்று பொருத்தித் தந்தால் சரி என்று சொல்லியிருக்கிறாள். சீட் கடைக்காரர் அதையும் செய்து, முன்சீட்டின் ஃபோமைக் கொஞ்சம் சீவித் தருவதாகவும் சொல்கிறார். குதிகால் பதிந்துவிடும்.