சிக்கனமும் சிரிப்பும்: கவனம் பெறாத ஓர் அறிவியல் புனைவுப் படம்

அறிவியல் புனைவு, அதாவது அறிவியலின் சாத்தியங்களை அடிப்படையாகக் கொண்டு கற்பனையில் எழுப்பப்படும் கதை, திரைக்கு வரும்போது பெரும் பொருட்செலவைக் கோரும் வகைமையாகவே கருதப்பட்டு வந்தாலும், பெரிய ஸ்டுடியோக்களின் பணத்தையும் கட்டுப்பாட்டையும் சாராத சுயாதீனப் படங்கள் நகைச்சுவையின் துணையோடு அதற்குள் தமக்கென ஒரு வழியை அமைத்துக்கொண்டுள்ளன. ஜான் கார்பென்டரும் டான் ஓபேனனும் மாணவப் படமாகத் தொடங்கி 1974-இல் முழுநீளப் படமாக வெளிக்கொணர்ந்த ‘டார்க் ஸ்டார்’ இதற்கு ஒரு முன்னோடி. அதில் விண்கலத்துக்குள் ஓடித் திரியும் வேற்றுக்கிரக உயிரி, காற்றடைத்த கடற்கரைப் பந்துக்குக் கால்கள் பொருத்திச் செய்யப்பட்டது என்பதைப் படம் மறைக்க முயலாமல், அந்த மலிவையே வேடிக்கையாக்குகிறது.

இவ்வழியில் மேலும் ஆழமாகச் சென்றும் உரிய கவனத்தைப் பெறாமல் போன படம், ஜான் செய்ல்ஸ் எழுதி, இயக்கி, படத்தொகுப்பும் செய்து 1984-இல் வெளிவந்த ‘தி பிரதர் ஃப்ரம் அனதர் பிளானட்’ ஆகும். மெக்ஆர்தர் அறக்கட்டளை செய்ல்ஸுக்கு வழங்கிய நல்கையின் ஒரு பகுதியும் செலவிடப்பட்ட இப்படத்தின் தயாரிப்புச் செலவு ஏறத்தாழ மூன்றரை லட்சம் டாலர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ படத்துக்கு இயந்திரப் பொம்மைகள் தேவைப்பட்டன. செய்ல்ஸுக்கோ ஜோ மார்ட்டன் என்ற கறுப்பின நடிகரும் மூன்று விரல்கள் கொண்ட பாதங்களும் போதுமாயிருந்தன.

நியூயார்க் துறைமுகத்தில், குடியேறிகளின் நுழைவாயிலாக விளங்கிய எல்லிஸ் தீவருகே வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து விழும் நாயகன், ஹார்லெம் பகுதியை அடைந்து, படம் முழுவதும் ஒரு சொல்லும் பேசாமல் வாழப் பழகுகிறான். சுவரைத் தொட்டால் அங்கு முன்பு இருந்தவர்களின் குரல்கள் அவனுக்குக் கேட்கின்றன. பழுதான வீடியோ விளையாட்டு இயந்திரங்கள் அவன் கைபட்டதும் இயங்குகின்றன. மதுக்கடையின் வாடிக்கைக்காரர்கள் அவனைப் பற்றி ஆளுக்கொரு ஊகம் சொல்லிக் கடைசியில் தங்களில் ஒருவனாக ஏற்றுக்கொள்ள, அவனைப் பிடிக்கத் துரத்தி வரும், செய்ல்ஸும் டேவிட் ஸ்ட்ராத்தேர்னும் நடித்த கருப்புடை வேட்டைக்காரர்களோ, மனித உருவில் இருந்தும், எங்கு சென்றாலும் அந்நியராகவே தெரிகின்றனர்.

படத்தின் முறைமையை விளக்க ஒரு காட்சி போதும். சுரங்க ரயிலில் சீட்டு வித்தை காட்டும் இளைஞன், அடுத்ததாக ரயிலிலுள்ள வெள்ளையர் அனைவரையும் மறையவைப்பதாக நாயகனிடம் சொல்கிறான். அடுத்த நிறுத்தம் 125-ஆம் தெரு, அதாவது ஹார்லெம், என்று அறிவிப்பு வந்ததும் 59-ஆம் தெருவில் வெள்ளையர் எல்லோரும் இறங்கிவிடுகின்றனர். எந்தத் தந்திரக் காட்சியும் இன்றி, நகரத்தின் இனப் பிரிவினையே மாயவித்தையாகிவிடுகிறது. இச்சிரிப்பின் அடியில் இருப்பது அடிமை முறையின் வரலாறு. நாயகன் தன் கிரகத்திலிருந்து தப்பியோடிய அடிமை என்பது, அருங்காட்சியகத்தில் தப்பியோடும் அடிமையின் படத்தைச் சுட்டி அவன் தன்னைக் காட்டிக்கொள்ளும்போது தெளிவாகிறது.

படம் எல்லா இடத்திலும் சமச்சீராக இல்லை. போதைப்பொருள் வணிகத்தைத் துப்பறியும் பிற்பகுதி, மதுக்கடைக் காட்சிகளின் இயல்பான ஓட்டத்தை இழந்து வழக்கமான குற்றக் கதையின் தடத்துக்குள் போய்விடுகிறது. ஆயினும் எர்னஸ்ட் டிக்கர்சனின் ஒளிப்பதிவு ஹார்லெத்தைக் கதைக்கான பின்னணியாக மட்டும் சுருக்காமல், மக்கள் புழங்கும் ஊராகவே காட்டுகிறது.

எதிர்காலத்தை இரண்டு நிமிடம் முன்னதாகக் காட்டும் திரையொன்றை வைத்துக்கொண்டு, ஒரு சிற்றுண்டிக் கடையிலேயே பெரும்பாலும் நிகழும் ஜப்பானியப் படமான ‘பியாண்ட் தி இன்ஃபினிட் டூ மினிட்ஸ்’ (2020) போன்றவை இச்சிக்கன மரபு இன்றும் தொடர்வதைக் காட்டுகின்றன. ஆனால் அவற்றின் வேடிக்கை பெரும்பாலும் உத்தியில் பிறப்பது. செய்ல்ஸின் வேடிக்கை சமூகத்தைப் பார்ப்பதிலிருந்து பிறப்பது. அவ்வேறுபாட்டின் காரணமாகவே, அறிவியல் புனைவுப் படங்களின் வரலாற்றில் அடிக்குறிப்பாக அன்றித் தனி இயலாகவே பேசப்பட வேண்டிய தகுதி இப்படத்துக்கு உண்டு.