ஸ்பைக் பஸ்டர் கப்பலேறக் கூடாது

சிங்கப்பூரிலிருந்தோ மும்பையிலிருந்தோ உல்லாசக் கப்பல் ஏறும் நம்மூர்க் குடும்பங்கள் துணிமணிக்கு அடியில் திணித்துக்கொண்டு போகும் மின்சாமான்கள் மூன்று: ஒரு கெட்டில், நாலு ப்ளக் போடக்கூடிய ஸ்பைக் பஸ்டர், எந்த நாட்டுக்கும் பொருந்தும் என்று அட்டையில் எழுதியிருக்கும் ஓர் அடாப்டர். துறைமுகத்து ஸ்கேனரில் முதல் இரண்டும் மாட்டிக்கொள்ளும். வாங்கி வைத்துக்கொண்டு, பயணம் முடிந்து இறங்கும்போது திருப்பித் தருவார்கள். கெட்டில் போனதில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை, அது சூடாகும் சாமான். ஸ்பைக் பஸ்டரை எடுத்து வைக்கும்போதுதான் கோபம் வருகிறது. பாதுகாப்புக்காகவே கூடுதல் காசு கொடுத்து வாங்கியதல்லவா? ஆனால் கேபினுக்குக் கொண்டுபோகும் சாமான்களைத் தரவரிசைப்படுத்தச் சொன்னால், கெட்டிலுக்கும் கீழே கடைசி இடத்தில் நான் வைப்பது அதைத்தான். முதலிடம், உள்ளங்கையில் அடங்கும் பல போர்ட் யூஎஸ்பி சார்ஜருக்கு. விலையோ பிராண்டோ இதற்குக் காரணமில்லை. கப்பலில் கரண்ட் வரும் விதமே வேறு.

வீட்டுக்கு வரும் இரண்டு கம்பியில் ஒன்று ஃபேஸ், மற்றது நியூட்ரல். நியூட்ரலைத் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலேயே மண்ணோடு இணைத்துவிடுகிறார்கள். அதனால்தான் டெஸ்டரை வைத்தால் ஒரு துளையில் மட்டும் விளக்கு எரிகிறது. கப்பலில் மண்ணுக்குப் பதில் இருப்பது இரும்பு உடல். பல கப்பல்களில் கேபினுக்கு வரும் கம்பிகள் இரண்டையுமே அந்த உடலோடு சேர்க்காமல் வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். வீட்டில் ஒரு ஒயரின் உறை கிழிந்து எர்த்தைத் தொட்டால் டிரிப் ஆகும், விளக்கு அணையும், அவ்வளவுதான். நடுக்கடலில் சுக்கானைத் திருப்பும் மோட்டாரோ தீயணைப்பு பம்ப்போ அப்படி நின்றுபோனால் கதை வேறு. எதையும் உடலோடு இணைக்காத அமைப்பில் ஒரு கம்பி இரும்பைத் தொட்டாலும் மின்சாரம் நிற்காது. கண்காணிப்புக் கருவி மணியடிக்கும், எலக்ட்ரீஷியன் பழுதைத் தேடிப் போவார். அருமையான ஏற்பாடு. ஆனால் இதில் இரண்டு கம்பியுமே கரண்ட் உள்ள கம்பிகள். அதே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மின்சாரம் வாங்கும் வேறொரு கேபினில், நாலு தளம் தள்ளி, ஒரு கம்பி உடலைத் தொட்டுவிட்டால் போதும். உங்கள் அறையில் மற்ற கம்பிக்கும் கப்பல் உடலுக்கும் இடையிலான மின்னழுத்தம் முழு அளவுக்கு ஏறிவிடும்.

இப்போது ஸ்பைக் பஸ்டரின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக, நீலத்திலோ மஞ்சளிலோ வட்டத் தட்டுகள் ஒன்றோ மூன்றோ தெரியும். வேரிஸ்டர் என்பது அதன் பெயர். மின்னழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் கதவைத் திறந்து, மிகுதியை எர்த்துக்கோ மற்ற கம்பிக்கோ தள்ளிவிடுவது அதன் வேலை. மூன்று தட்டு இருந்தால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் ஒன்று, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒன்று. வீட்டில் மூன்றாவது தட்டுக்கு வழக்கமாக வேலையே இல்லை. நியூட்ரலும் எர்த்தும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பவை. கப்பலில் அந்தத் தட்டின் மீதும் எந்நேரமும் மின்னழுத்தம் இருக்கும். எங்கோ பழுது நேர்ந்தால் இன்னும் ஏறும். மின்னலைப் போல ஒரு நொடியில் வந்து போகிற அதிர்ச்சியைத் தாங்குவதற்குச் செய்தது வேரிஸ்டர். மணிக்கணக்கில் நீடிக்கும் அழுத்தத்தில் அது கொஞ்சம் கடத்தும், சூடாகும், சூடானதால் இன்னும் கடத்தும், கடைசியில் பிளாஸ்டிக் பெட்டியோடு சேர்ந்து எரியும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013இல் இதைப் பற்றித் தனியாக ஒரு பாதுகாப்பு எச்சரிக்கையே வெளியிட்டது.

விஷயம் தெரிந்தவர்கள் ஒரு மறுப்பு சொல்வார்கள்: நம்மூர் ஸ்பைக் பஸ்டரில் இருப்பது 275 வோல்ட் அளவுள்ள வேரிஸ்டர், கேபினில் வருவது 110 அல்லது 220 வோல்ட், பிறகென்ன பயம்? கணக்கு சரிதான், பழுது ஒழுங்காக நேர்ந்தால். கிழிந்த ஒயர் கப்பலின் அதிர்வில் உடலைத் தொட்டும் விட்டும் பொறி பறக்க விட்டால், எர்த் இணைக்காத அமைப்பில் மின்னழுத்தம் வழக்கமான அளவைப்போலப் பல மடங்கு துள்ளும் என்பது மின்பொறியாளர்களுக்குப் பழைய செய்தி. அந்த 275க்கு அப்போது அர்த்தமில்லை. தவிர, ஸ்கேனர் முன் நிற்கும் காவலரால் பெட்டிக்குள் எந்த அளவு வேரிஸ்டர் இருக்கிறது, அது ஏற்கெனவே எத்தனை இடியைத் தாங்கி நைந்திருக்கிறது என்று சொல்ல முடியுமா? மொத்தமாகத் தடுப்பது தவிர அவருக்கு வேறு வழி இல்லை. வருடக்கணக்கில் எத்தனையோ பேர் ஒளித்துக் கொண்டுபோய்ப் பயன்படுத்தியும் ஒன்றும் ஆகவில்லையே என்பது இன்னொரு வாதம். ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் மட்டும் 2,805 கேபின்கள். ஒரு கேபினில் கடுகளவாக இருக்கும் வாய்ப்பை அந்த எண்ணோடும் வாராவாரம் மாறும் பயணிகளோடும் பெருக்கிப் பார்க்க வேண்டியது கப்பல்காரரின் தலையெழுத்து.

வேரிஸ்டர் இல்லாத சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சில கப்பல்களில் இன்னும் அனுமதிக்கப்படுகிறது. ராயல் கரீபியன் நிறுவனம் 2024இல் அதையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. முதல் பார்வைக்கு இது மிகையாகத்தான் படும். ஆனால் அந்தப் பாக்ஸின் ஸ்விட்ச் பெரும்பாலும் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும். வீட்டில் அது ஃபேஸாக இருக்கும்வரை கவலையில்லை. இரண்டிலும் கரண்ட் இருக்கும் கேபினில் ஸ்விட்சை அணைத்த பிறகும் இன்னொரு கம்பி வழியாக மின்னழுத்தம் உள்ளே நிற்கும். இதில் கப்பல்காரர்கள் மீது எனக்கு ஒரு குறையும் உண்டு. பழைய கப்பல்களில் கண்ணாடி மேசைக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு ப்ளக் பாயிண்ட்தான். நாலு பேர் தங்கும் அறையில் கட்டிலருகே ஒன்றுகூடக் கிடையாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கொண்டுவர வைத்ததே அந்தப் பற்றாக்குறைதான். குளியலறையில் ஷேவருக்கு என்று எழுதிய பாயிண்ட்டை நம்பிப் பிரயோஜனமில்லை. அதன் பின்னால் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் ஷேவருக்கு மேல் பளு தாங்காது.

கெட்டிலுக்கு வருவோம். 1,500 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஐந்து நிமிடத்தில் கொதிக்கும். அதையே அமெரிக்கச் சாக்கெட்டின் 110 வோல்ட்டில் செருகினால் கிடைப்பது கால் பங்குக்கும் குறைவான சக்தி, சுமார் 340 வாட். அதே தண்ணீருக்கு இருபது நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆக, கண்ணில் மண்ணைத் தூவிக் கொண்டுபோனாலும் பல கேபின்களில் அது உருப்படியான சாமானே இல்லை. பிஅண்ட்ஓ, குனார்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனங்களின் கப்பல்களில் கேபினிலேயே கெட்டில் வைத்திருக்கிறார்களே, அது மட்டும் தீப்பிடிக்காதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தக் கெட்டில் கப்பலின் மின்னழுத்தத்துக்கென்று தேர்ந்தெடுத்தது, எந்தச் சுற்றில் எவ்வளவு பளு ஏறும் என்று கணக்குப் போட்டு வைத்தது, பழுதானால் கப்பல் ஆட்களே மாற்றுவது. பயணி கொண்டுவரும் கெட்டிலில் தண்ணீர் வற்றினால் தானே அணையுமா என்பது அதன் சொந்தக்காரருக்கே தெரியாது. கைக்குழந்தைக்குப் பால் கலக்க, வயதானவர்கள் மாத்திரை போட வெந்நீர் தேவைப்படுவது உண்மைதான். அறைப் பணியாளரிடம் ஃபிளாஸ்க்கில் கேட்டு வாங்கலாம், பஃபே தளத்துக் குழாயில் பிடித்துக்கொள்ளலாம். நள்ளிரவில் பத்து தளம் ஏறி இறங்குவது கஷ்டம் என்பதை மறுக்கவில்லை. கேபினிலேயே கெட்டில் வைக்கப் பிரிட்டிஷ் கப்பல்களால் முடிகிறது என்றால் மற்றவர்களாலும் முடியும்.

கப்பலில் பிடித்த தீ எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஸ்டார் பிரின்சஸ் உதாரணம். 2006 மார்ச்சில் ஜமைக்காவை நோக்கிப் போன அந்தக் கப்பலின் பால்கனி ஒன்றில் தீ பிடித்தது, அணைக்காத சிகரெட்டாக இருக்கலாம் என்றது விசாரணை. நூற்றுக்கும் மேற்பட்ட கேபின்கள் சேதமடைந்தன, ஒரு பயணி இறந்தார். மின்சாமானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இஸ்திரிப் பெட்டியையும் கெட்டிலையும் கண்டால் கப்பல்காரர்கள் ஏன் பதறுகிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும். அப்படியானால் 200 டிகிரி வரை சூடாகும் ஹேர் ஸ்ட்ரெய்ட்னரைப் பல நிறுவனங்கள் ஏன் விடுகின்றன? கையில் பிடித்தே பயன்படுத்துவது, மின்சாரமும் குறைவு என்று சமாதானம் சொல்லலாம். எனக்கென்னவோ, அதைத் தடைசெய்தால் டிக்கெட் விற்காது என்பதும் ஒரு காரணமாகப் படுகிறது.

அடாப்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது பின்னின் வடிவத்தை மாற்றும், வோல்ட்டை மாற்றாது. கனமான கட்டையாக இருப்பதால் அமெரிக்கச் சாக்கெட்டில் செருகினால் தன் எடையிலேயே தொங்கிக் கழன்றுவிடும். சார்ஜரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் அது தேவையே படாது.

காலியம் நைட்ரைடு கொண்டு செய்த 65 வாட் சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். நம்மூர் 50 ஹெர்ட்ஸ், பெரும்பாலான பெரிய கப்பல்கள் 60. இதற்கு இரண்டும் ஒன்றுதான். பக்கத்தில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருக்கும். உள்ளே இரட்டை உறை, எர்த் பின் தேவையில்லை என்று அதற்கு அர்த்தம். எர்த்தை நம்பாத சாமானுக்குக் கப்பலில் எர்த் எப்படி இருந்தால் என்ன? எந்தக் கம்பி ஃபேஸ் என்பதும் அதற்கு ஒரு பொருட்டில்லை. முழு வேகத்தில் ஓடினாலும் கெட்டிலோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான் இழுக்கும். குறையும் உண்டு: 65 வாட் என்பது ஒரு போர்ட்டில் மட்டும் செருகினால்தான்; லேப்டாப்போடு போனையும் மாட்டினால் பல மாடல்களில் 45, 20 என்று பிரித்துக்கொள்ளும், மூன்றாவதும் வந்தால் லேப்டாப் ஆமை வேகம். சுவரில் நேரே செருகும் சதுரக் கட்டை வடிவம் ஐரோப்பியச் சாக்கெட்டின் குழிக்குள் இறங்காமல் பாதியில் நிற்கலாம். அதனால் ஒயர் தனியாக வரும் மேசைச் சார்ஜரை வாங்குவதே புத்திசாலித்தனம். நம்மூர் இரண்டு உருண்டைப் பின் அந்தக் குழியில் நேராகவே போகும், ஒன்றரை மீட்டர் ஒயர் கட்டிலை எட்டும். ஐஎஸ் 13252 என்ற தர எண்ணும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இல்லாத மலிவுச் சார்ஜரைத் தொடவே வேண்டாம். இரட்டைச் சதுரத்தை யாரும் அச்சடித்துவிடலாம்.

தூக்கத்தில் மூச்சுத் திணறலுக்குக் கருவி வைத்துக்கொள்பவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டால், பல நிறுவனங்கள் தாங்களே சோதித்த நீள ஒயரைக் கேபினில் வைக்கின்றன. மற்றவர்கள் கவனிக்க வேண்டியது கதவருகே சாவி அட்டை செருகும் துளையை. அட்டையை உருவிக்கொண்டு வெளியே போனால் சில கப்பல்களில் ப்ளக் பாயிண்ட்டும் அணைந்துவிடும். ஏதோ ஒரு பழைய அட்டையைச் செருகி ஏமாற்றிவிட்டு ஊர் சுற்றப் போகிறவர்கள் உண்டு. லித்தியம் பேட்டரி சார்ஜ் ஆகும்போது அறையில் ஆள் இருப்பது நல்லது என்பதால், அட்டையை உருவினால் கரண்ட் அணையும் ஏற்பாட்டை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அறையில் குளித்து உடுத்தும் நேரத்தில் இந்தச் சார்ஜர் ஒரு போனைப் பெருமளவு ஏற்றிவிடும். வெளியே சுற்றும் நேரத்துக்கு 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று போதும். அது 74 வாட் மணி, விமானத்தின் 100 வாட் மணி வரம்புக்குள்தான் வரும். கையில் எடுத்துப்போகும் பையில் மட்டும் வையுங்கள், லக்கேஜில் போட்டால் கப்பலுக்கு முன்பே விமான நிலையத்தில் அதை இழப்பீர்கள்.