யாருடைய 'நான்'? - நீதிமன்றப் பிரதியில் சாட்சியின் குரல்

என் பெரியம்மா ஒரு வெட்டுக்குத்து வழக்கில் கண்ணால் கண்ட சாட்சி. செஷன்ஸ் கோர்ட்டில் அவருக்குப் பெயர் 'அ.சா.3'. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், "நீ எதையும் பாக்கவேயில்ல, சொந்தக்காரங்கங்கிறதால பொய் சொல்ற" என்றார். பெரியம்மா சொன்னது: "ஏன் பாக்காம? வேப்பமரத்தடியில சுள்ளி பொறுக்கிக்கிட்டு நின்னேன். நான் போட்ட சத்தத்துலதான ஊரே ஓடியாந்துச்சு."

பிறகு சாட்சிய நகலை வாங்கிப் பார்த்தேன். இப்படி இருந்தது: 'நான் சம்பவத்தைப் பார்க்கவில்லை என்றும், உறவினர் என்பதால் பொய் சாட்சி சொல்கிறேன் என்றும் சொன்னால் சரியல்ல.'

தமிழ் எம்.ஏ. படித்தவன் என்ற முறையில் எனக்கு இந்த வாக்கியத்தோடுதான் சண்டை. எழுவாய் 'நான்' - பெரியம்மா. ஆனால் வாக்கியத்துக்குள் இருப்பதெல்லாம் வக்கீலின் சொற்கள். கேள்வி காணாமல் போய், கேள்வியே அவர் வாயில் பதிலாக முளைத்திருக்கிறது. வேப்பமரம் இல்லை, சுள்ளி இல்லை, சத்தம் இல்லை. மிஞ்சியது 'சரியல்ல'. அதுவும் அவர் சொன்ன சொல் அல்ல.

இது ஒரு எழுத்தரின் கைப்பிசகு அல்ல. 1973ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டம், 276ஆம் பிரிவில், செஷன்ஸ் வழக்குகளில் சாட்சியத்தைச் சாதாரணமாகக் கதையாடல் வடிவில் எழுதச் சொன்னது. கேள்வி-பதிலாகப் பதிவதை நீதிபதியின் விருப்புரிமைக்கு விட்டது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டமும் இந்த ஏற்பாட்டைத் தொடர்கிறது. ஆக, சாட்சியின் 'நான்' சட்டத்தாலேயே கட்டமைக்கப்படுகிற ஒன்று.

மேல்முறையீட்டில் இந்தப் பிரதிதான் பயணம் செய்கிறது, பெரியம்மா அல்ல. கீழ்க்கோர்ட்டின் மொழி தமிழ். 1862இல் தொடங்கிய சென்னை உயர்நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். 2004இல் மதுரைக் கிளை வந்தபோது தென்மாவட்டத்துக்காரர்களுக்குத் தூரம் குறைந்தது, மொழி மாறவில்லை. அரசியல் சட்டத்தின் 348ஆம் பிரிவு உயர்நீதிமன்றத்துக்கு ஆங்கிலத்தை விதித்துவிட்டு, குடியரசுத் தலைவர் இசைந்தால் மாநில மொழிக்கும் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியே ராஜஸ்தானில் 1950இலும் உத்தரப்பிரதேசத்தில் 1969இலும் இந்தி உள்ளே போனது. 2006இல் தமிழக சட்டமன்றம் தமிழுக்காகத் தீர்மானம் போட்டது. அதற்கு இசைவு கிடைக்கவில்லை. இந்தப் பாரபட்சத்தை எதிர்த்துப் போராடும் தோழர்களோடு எனக்கு முரண்பாடு கிடையாது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'சரியல்ல' என்பது தமிழ்தான். பெரியம்மாவின் பேச்சு ஆங்கிலத்திடம் தோற்பதற்கு முன்பே தமிழிடம் தோற்றுவிட்டது, மக்கள் பேசாத, அதிகாரம் பேசுகிற ஒரு தமிழிடம். 'நீதிமன்றத்தில் தமிழ்' என்று நாம் முழங்கும்போது எந்தத் தமிழ், யாருடைய தமிழ் என்று கேட்காவிட்டால், மேலேயும் இதே 'சரியல்ல' போய் உட்கார்ந்துகொள்ளும்.

வாச்சாத்தியை நினைத்துக்கொள்கிறேன். 1992 ஜூனில் நடந்த கொடுமை. குற்றம் சாட்டப்பட்ட 269 அதிகாரிகள், ஊழியர்களில் 54 பேர் செத்துப்போன பிறகு, 2011இல் தருமபுரி நீதிமன்றம் எஞ்சிய 215 பேரையும் தண்டித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதி 2023 மார்ச்சில் அந்த மலையடிவார ஊருக்கே போய்ப் பார்த்தார். செப்டம்பரில் தண்டனையை உறுதி செய்தார். கட்டுக்கட்டான காகிதம் இருந்தும் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். பிரதிக்கு வெளியே ஏதோ விடுபட்டிருக்கிறது என்பதை நீதிமன்றமே ஒத்துக்கொண்ட தருணமாக அதை நான் வாசிக்கிறேன்.

எல்லா ஊருக்கும் நீதிபதி போக முடியாது. கேள்வியைக் கேள்வியாகவும் பதிலைப் பதிலாகவும் எழுத முடியும், சட்டம் தடுக்கவில்லை. எழுதியதைச் சாட்சிக்கு வாசித்துக் காட்டவும் சட்டம் சொல்கிறது. வழக்கு நடத்தும் தோழர்கள் இந்த இரண்டையும் கூண்டருகே நின்று கேட்டு வாங்க வேண்டும்.

நகலைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இது யாரு சொன்னதுடா? நான் இப்பிடிப் பேச மாட்டேனே."