ஹலாலா என்று கேட்டோம். அனுமதி உண்டா என்று கேட்டோமா?

கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறைப் பக்கம் காசு போடப் போகிறவர் முதலில் கேட்பது "இதில வட்டி இல்லையே?" என்பதுதான். வட்டிக்கு அஞ்சி நகையிலும் காணியிலும் முடங்கிக் கிடந்த காசை வெளியே கொண்டுவந்ததில் இஸ்லாமிய நிதி முறைக்குப் பெரும் பங்குண்டு. 1997இல் அமானா இன்வெஸ்ட்மென்ட்ஸ் தொடங்கியது. 2005இல் வங்கிச் சட்டத்தைத் திருத்தி அரசு இம்முறைக்கு வழிவிட்டது. 2011இல் அமானா வங்கி திறந்தது. அன்நூர், அல் அதாலா என்று மற்ற வங்கிகளும் தனிப்பிரிவு வைத்தன.

முறையின் பலம் அதன் கண்டிப்பு. முறாபஹாவில் வங்கி கையில் காசு தருவதில்லை. மூன்று இலட்சம் ரூபாய்ச் சாமானைத் தான் வாங்கி, லாபம் சேர்த்து, மூன்று இலட்சத்து அறுபதாயிரத்துக்குத் தவணையில் விற்கிறது. தவணை பிந்தினால் கடன் குட்டி போடாது; தாமதக் கட்டணம் தருமத்துக்குப் போகும். நடைமுறையில் பல வேளை வாடிக்கையாளரையே முகவராக்கி, அவர் கொண்டுவரும் பற்றுச்சீட்டை வைத்து வேலை முடிகிறது. சாமான் வங்கியின் கைக்கு வந்ததா என்பது காகிதத்துக்குத்தான் வெளிச்சம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது, லாபப் பங்கும் பின்னாலேயே ஏறியது. வட்டியைத் தவிர்க்கும் முறை, விலைக்கு வட்டியையே பார்த்திருக்கிறது.

இதைவிடக் கடுமையான குறை வேறு. லாபப் பங்கீட்டு முறையான முழாரபாவில் காசு போடுபவர் சட்டப்படி முதலீட்டாளர். நட்டம் வந்தால், நிறுவனத்தின் கவனயீனம் இல்லாதவரை, அது அவருடையது. அப்படியானவர் நிறுவனத்தின் கணக்கை அலசிப் பார்க்க வேண்டும். நம்மவர்களோ ஷரீஆ சபையின் சான்றிதழோடு நின்றுவிடுகிறார்கள். உடன்படிக்கை மார்க்கத்துக்கு ஏற்றதா என்று உலமாக்கள் சொல்வார்கள். கம்பனி மூழ்குமா என்று பார்ப்பது அவர்கள் வேலையல்ல. 2008 இறுதியில் செலிங்கோ குழுமத்தின் கடனட்டைக் கம்பனியான கோல்டன் கீ சரிந்தபோது குழுமமே ஆடியது. லாபப் பங்கீட்டின் பேரில் காசு திரட்டியிருந்த அதன் செலிங்கோ ப்ராஃபிட் ஷெயரிங் கம்பனியும் தப்பவில்லை. கோல்டன் கீ வைப்பாளர்கள் உயர் நீதிமன்றப் படியேறி, ஆண்டுக்கணக்கில் துண்டு துண்டாகக் காசுக்குக் காத்திருந்தார்கள்.

2010இல் வந்த வைப்புக் காப்புறுதி இன்று ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை காக்கிறது, அதுவும் மத்திய வங்கி அனுமதித்த வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் மட்டுமே. பள்ளிவாசல் வாசலில் தெரிந்த ஹாஜியார் சொன்னாரென்று "வியாபாரப் பங்கு" எடுப்பவருக்கு இந்தக் காப்பு எதுவுமில்லை. மாதாமாதம் லாபம் பிசகாமல் வருவதே அங்கே சந்தேகத்துக்குரியது. உண்மை வியாபாரத்தில் ஒரு மாதமாவது கை கடிக்கும். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலையும் தடை செய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பெயர்களையும் மத்திய வங்கி வெளியிடுகிறது. குத்பாவில் வட்டியின் பாவத்தைச் சொல்லும் மௌலவிமார் அந்தப் பட்டியல்களையும் வாசித்தால் என்ன?