கிரியேட்டினும் கொலாஜனும்: பெண்களுக்கான இரு பொடிகளின் சான்றுகள்

கிரியேட்டின், கொலாஜன் ஆகிய இரு பொடிகளும் நாற்பது வயதைக் கடந்த பெண்களை நோக்கி இன்று பெரிதும் விளம்பரம் செய்யப்படுகின்றன. தசை வலு, எலும்பு உறுதி, சுருக்கமில்லாத தோல், மூட்டுவலி நீக்கம் ஆகியவை இவற்றின் பயன்களாகச் சொல்லப்படுகின்றன. இணையவழி விற்பனையால், காரைக்கால் மாவட்டத்துக் குரும்பகரம் போன்ற நெல்வயல் ஊர்களுக்கும் இவை எட்டாத பொருள்கள் அல்ல. கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் இரண்டின் சான்றுகளும் ஒரே தரத்தவை அல்ல.

கிரியேட்டின் உடல் தானே செய்துகொள்ளும் பொருள். சிறுநீரகமும் கல்லீரலும் மூன்று அமினோ அமிலங்களிலிருந்து இதை உருவாக்குகின்றன. அதில் ஏறத்தாழ 95 விழுக்காடு தசையில் தங்குகிறது. சில நொடிகளில் முழு வலுவையும் கேட்கும் வேலையின்போது, தசைக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறை உடனுக்குடன் புதுப்பிப்பதே இதன் பணி. உணவில் மீனும் இறைச்சியும் இதன் முக்கிய ஊற்றுகள். பச்சை மீனில் 100 கிராமுக்குச் சுமார் 0.3 முதல் 0.5 கிராம் வரை இருக்கும். சமைக்கும்போது ஒரு பகுதி குறையும். ஆய்வுகளில் தரப்படும் 3 முதல் 5 கிராம் அளவை மீன்குழம்பிலிருந்து மட்டும் பெற வேண்டுமானால் நாளொன்றுக்கு அரைக் கிலோவுக்கு மேல் மீன் வேண்டும். சைவ உணவுக்காரர்களின் தசையில் இதன் இருப்பு குறைவு. ஆகவே பொடி உண்ணும்போது அவர்களிடம்தான் அது கூடுதலாக உயர்கிறது.

கிரியேட்டினுக்குள்ள வலுவான சான்று தசை வலிமையைப் பற்றியது. எடைப்பயிற்சியோடு நாள்தோறும் 3 கிராம் எடுக்கும் 55 வயதுக்கு மேற்பட்டவர்களின் தசை வலிமை கூடுகிறது என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் ஏற்றுக்கொண்டது. எலும்பு பற்றிய நம்பிக்கை அவ்வளவு நிலைக்கவில்லை. மாதவிடாய் நின்ற 47 பெண்களிடம் கனடாவில் நடந்து 2015இல் வெளியான ஓராண்டு ஆய்வில், கிரியேட்டினோடு பயிற்சி செய்தவர்களுக்குத் தொடை எலும்புக் கழுத்தின் அடர்த்தி 1.2 விழுக்காடும், வெறும் பயிற்சி செய்தவர்களுக்கு 3.9 விழுக்காடும் குறைந்தன. அதே குழு 237 பெண்களிடம் இரண்டாண்டுகள் நடத்தி 2023இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் எலும்பு அடர்த்தியில் வேறுபாடு தென்படவில்லை. எலும்பின் வடிவ அமைப்பைக் காட்டும் சில அளவுகளில் மட்டும் சிறு நன்மை தெரிந்தது. பயிற்சியே இல்லாமல் நாளுக்கு 3 கிராம் வீதம் இரண்டாண்டுகள் கொடுத்துப் பார்த்த பிரேசில் ஆய்விலும் எலும்புக்குப் பயன் கிட்டவில்லை.

மனநலம் குறித்த சான்று இன்னும் தொடக்க நிலையிலேயே உள்ளது. 2012இல் வெளியான கொரிய ஆய்வில், மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துவந்த 52 பெண்களில் கிரியேட்டினும் சேர்த்துப் பெற்றவர்கள் விரைவாகத் தேறினர். இது மருந்தோடு கொடுத்துப் பெற்ற முடிவு; மருந்துக்கு மாற்று என்று காட்டவில்லை. கிரியேட்டின் அறிவாற்றலைக் கூட்டும் என்ற உரிமைகோரலை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024இல் ஏற்கவில்லை. பெண்களின் கிரியேட்டின் இருப்பு ஆண்களைவிட 70 முதல் 80 விழுக்காடு குறைவு என்று பரவியுள்ள கூற்றும் ஆட்டம் காண்கிறது. தசைத் திசுவை நேரடியாக அளந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

ஆரோக்கியமானவர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவில் கிரியேட்டின் சிறுநீரகத்தைக் கெடுப்பதாகச் சான்று இல்லை. ஆனால் அது இரத்தத்தில் கிரியேட்டினின் கழிவான கிரியேட்டினைனைச் சற்று உயர்த்தும். சிறுநீரகச் செயல்பாட்டை மதிப்பிடவும் அதே பொருளைத்தான் அளக்கிறார்கள் என்பதால் சோதனை முடிவு குழப்பும். வெயிலில் வேலை செய்யும் தமிழ்நாட்டு வேளாண் தொழிலாளர்களிடம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பதிவாகியிருக்கும் நிலையில், இக்குழப்பத்தைச் சிறிதாகக் கருத முடியாது. பொடி எடுப்பவர் இரத்தச் சோதனைக்கு முன் மருத்துவரிடம் அதைச் சொல்வது தேவை. ஏற்கெனவே சிறுநீரக நோயுள்ளவர்கள் மருத்துவர் அறிவுரையின்றி இதைத் தொடக்கூடாது.

கொலாஜன் என்பது தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு ஆகியவற்றைக் கட்டி நிறுத்தும் புரதம். மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட அதன் அமைப்பை 1954இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அம்முறுக்கு அமைய ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடம்தோறும் கிளைசின் என்னும் அமினோ அமிலம் வர வேண்டும். உண்ணும் கொலாஜன் இந்த முறுக்கோடு தோலுக்குச் சென்று படிவதில்லை. செரிமானத்தில் அது அமினோ அமிலங்களாகவும் சிறு பெப்டைடுகளாகவும் உடைகிறது. சில பெப்டைடுகள் முழுதும் சிதையாமல் இரத்தத்தை அடைந்து, தோல் செல்களைத் தூண்டக்கூடும் என்பதே ஆதரவாளர்களின் வாதம். அது நடக்கக்கூடியதே. நடந்து, கண்ணுக்குத் தெரியும் பயனைத் தருகிறதா என்பதைச் சோதனைகள்தான் சொல்ல வேண்டும்.

சோதனைகளில் இரு முகங்கள் தெரிகின்றன. 2014இல் வெளியான ஜெர்மனி ஆய்வில், 35 முதல் 55 வயதுடைய 69 பெண்களில் எட்டு வாரம் கொலாஜன் பெப்டைடு உண்டவர்களின் தோல் நெகிழ்ச்சி கூடியது. 2018இல் வெளியான மற்றோர் ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்கள் நாளுக்கு 5 கிராம் வீதம் ஓராண்டு உண்டபோது எலும்பு அடர்த்தி உயர்ந்தது. ஆனால் இத்துறையின் ஆய்வுகள் பலவற்றுக்கு உற்பத்தித் துறையின் பணமோ பொருளோ துணை நின்றது. தோல் பற்றிய 23 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2025இல் வெளியான தொகுப்பாய்வு அந்தத் துணையின் விளைவைக் காட்டியது. எல்லா ஆய்வுகளையும் சேர்த்தால் ஈரப்பதம், நெகிழ்ச்சி, சுருக்கம் மூன்றிலும் நன்மை தெரிந்தது. நிறுவனப் பணம் பெறாத ஆய்வுகளை மட்டும் எடுத்தபோது அது மறைந்தது. மூட்டுக்கு நன்மை என்னும் உரிமைகோரலை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இலேயே நிராகரித்துவிட்டது.

புரதமாகவும் கொலாஜன் குறையுடையது. உடலுக்கு இன்றியமையாத டிரிப்டோஃபேன் அதில் இல்லை. பத்து கிராம் கொலாஜனை நாளின் புரதக் கணக்கில் எழுதிக்கொண்டு முட்டையையோ பருப்பையோ குறைப்பவர் நட்டப்படுகிறார். இது மாட்டெலும்பு, தோல், மீன் செதில் போன்றவற்றிலிருந்து எடுக்கப்படுவதால், சைவ உணவுக்காரர்களும் மீன் ஒவ்வாமை உள்ளவர்களும் லேபிளைப் பார்த்தாக வேண்டும். தாவர வழிக் கொலாஜன் என்று விற்கப்படுபவற்றில் பொதுவாகக் கொலாஜன் இல்லை. அதன் உருவாக்கத்துக்கு உதவும் வைட்டமின் சி போன்றவையே இருக்கும்.

லேபிளை நம்புவதிலும் இடர் உண்டு. இந்தியாவில் விற்கப்பட்ட 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024இல் வெளியான கேரள ஆய்வில், சுமார் 70 விழுக்காட்டுப் பொடிகளின் புரத அளவு லேபிளோடு ஒத்துப்போகவில்லை. அது இவ்விரு பொடிகளையும் குறித்துச் செய்த ஆய்வு அல்ல. ஆனால் இச்சந்தையின் பொதுத் தரத்தைக் காட்டுகிறது.

குரும்பகரம் போன்ற ஊரின் பெண்ணுக்கு இவற்றை எடைபோடும்போது முதலில் அவருக்கு எந்தச் சத்துக் குறைவு என்பதைக் கண்டறிய வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டு. இவ்விரு பொடிகளும் இரும்புச்சத்துக் குறைவைத் தீர்ப்பவை அல்ல. நாற்று நடுவதும் களையெடுப்பதும் கடும் உழைப்பே என்றாலும், கிரியேட்டின் ஆய்வுகளில் பயன் தந்தது சுமையைப் படிப்படியாகக் கூட்டும் எடைப்பயிற்சி; குனிந்த முதுகோடு நாள் முழுதும் செய்யும் வேலை அதற்கு ஈடாகாது. எலும்போடு உண்ணும் நெத்திலி, கேழ்வரகு, எள் ஆகியவை கால்சியமும், பருப்பும் முட்டையும் புரதமும் தருகின்றன.

இந்த அடிப்படைகள் அமைந்து, முறையான எடைப்பயிற்சியும் செய்யும், சிறுநீரக நோயில்லாத பெண்ணுக்குக் கிரியேட்டின் அளவான பயன் தரும். குறிப்பாகச் சைவ உணவுக்காரருக்கும் மாதவிடாய் நின்றவருக்கும் அதைப் பரிசீலிக்க நியாயம் உண்டு. கொலாஜனுக்கு நிறுவனச் சார்பற்ற பெரிய ஆய்வுகள் வரும்வரை, வீட்டுச் செலவில் அதற்கு முன்னுரிமை தரும் அளவுக்குச் சான்று இல்லை.