கழுவும் கற்பூரமும்

காதலித்தான், கழுவேற்றப்பட்டான், கடவுளாக்கப்பட்டான். காத்தவராயன் கதை இவ்வளவுதான். பறையர் குடியில் வளர்ந்தவன் பார்ப்பனப் பெண் ஆரியமாலையை விரும்பினான். அதற்குக் கிடைத்த பரிசு கழுமரம்! காவிரிக் கரையில் வழங்கும் இக்கதை, கடல் கடந்து யாழ்ப்பாணத்திலும் கூத்தாக ஆடப்படுகிறது. ஏழைகளின் காப்பியம் இது. ஆனால், இதை அப்படியே பாட விட்டார்களா? அதுதான் நம் கேள்வி.

காத்தவராயன் உண்மையில் சிவன் மகனாம்! சாபத்தால் மண்ணிலே பிறந்தானாம்! கழுவேறுவது முன்பே விதிக்கப்பட்டதாம்! இவ்வாறு பாடியதும் என்ன ஆகிறது? கொலை மறைகிறது, விதி நிற்கிறது. கொன்றவன் குற்றமற்றவனாகிறான், வழக்குத் தொடுக்க ஆளே இல்லை!

நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டைப் பாருங்கள். பார்ப்பனக் குலத்து முத்துப்பட்டன், சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்கிறான். அதற்காகக் குடுமியையும் பூணூலையும் களைந்து, செருப்புத் தைக்கவும் துணிகிறான். எத்தகைய புரட்சி! ஆனால் கதை, அப்பெண்கள் பிறப்பால் உயர்குலத்தவர், கண்டெடுத்து வளர்க்கப்பட்டவர் என்று சொல்லி நம்மை ஏய்க்கிறது. இப்பிறப்புக் கதை பின்னர் நுழைக்கப்பட்டது என்று வாதிட்டார் ஆராய்ச்சியாளர் நா. வானமாமலை (1917–1980). மதுரை வீரனும் அப்படியே: வளர்த்தவர் செருப்புத் தைப்பவர், பெற்றவரோ அரசராம்! 1956இல் ம.கோ.இராமச்சந்திரன் நடித்து வெளிவந்த ‘மதுரை வீரன்’ படமும் இந்த அரச பிறப்பை விடவில்லை. நமக்கு வேண்டியவர் நடித்த படம் என்பதால் இக்குறையைச் சொல்லாதிருக்க இயலாது.

இந்த வித்தை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிலிப்பைன்சுத் தீவுகளை ஸ்பெயின் 300 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது. அக்காலத்தில் ஊர்தோறும் ‘மோரோ மோரோ’ என்னும் நாடகம் நடந்தது. கிறித்தவ இளவரசியை இசுலாமிய இளவரசன் விரும்புவான். வாளும் வாளும் மோதும். பெரும்பாலும் கிறித்தவப் படையே வெல்லும். அவன் மதம் மாறினால் மணமாலை, மறுத்தால் மரணம்! அங்கே மதத்தை மாற்றினர். இங்கே பிறப்பையே மாற்றினர். இரண்டிலும் காதல் வெல்லவில்லை, ஆதிக்கமே வென்றது.

பாடிய கலைஞனை நாம் பழிக்கவில்லை. ஆண்டையின் முற்றத்தில், அவன் அளக்கும் நெல்லை நம்பிப் பாடியவன் அவன். “தாழ்ந்தவன் உயர்ந்தவளை மணந்தான்” என்று அங்கே பாடினால் தலை தப்புமா? தெய்வப் பிறப்பு என்னும் திரையைப் போட்டாவது கதையைக் காத்துக் கொடுத்தான். அதற்கு நாம் நன்றி சொல்வோம். ஆனால், அவனுக்கு இருந்த அச்சம் நமக்கு ஏன்?

1967இல் அண்ணாவின் ஆட்சி சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியது. அதற்குப் பின்னும், 2016இல் உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த இளைஞர் ஒருவர் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். கழுமரம் போயிற்று, அரிவாள் வந்தது. அன்று கழுவேற்றினர், பிறகு கற்பூரம் ஏற்றினர். கும்பிடுவது எளிது, பெண் கொடுப்பதுதான் கடினம்!

ஆகவே, தோழர்களே! குடவாசலிலோ கும்பகோணத்திலோ அடுத்த கூத்துக்குத் திரை விலகும்போது, நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான். சிவன் மகன் வேண்டாம். அரசன் மகனும் வேண்டாம். செருப்புத் தைத்தவன் மகன் காதலித்தான், அதற்காகவே கொல்லப்பட்டான் என்று பாடச் சொல்லுங்கள். முதியோர் நினைவில் நிற்கும் பழைய பாடங்களைக் கேட்டு எழுதி வையுங்கள். மேடையில் நின்று பாடும் துணிவு உங்களுக்கே இருந்தால், நீங்களே பாடுங்கள்!