'தரணி' காட்டும் மூளையும் காட்டாத வழியும்

கருவில் வளரும் மனித மூளையை உயிரணு உயிரணுவாகக் காட்டும் 'தரணி' என்ற படத்தொகுதியைச் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்டது. 14 முதல் 24 வார வளர்ச்சியுடைய ஐந்து மூளைகள். அவற்றின் 5,132 மெல்லிய சீவல்கள். இணையத்தில் கட்டணமில்லை, மணப்பாட்டு மாணவனும் கைபேசியிலேயே காணலாம். பெரும்பணி இது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், நரம்பணு எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் இத்தொகுதி, அதன் நீண்ட இழை தன் இலக்கை எவ்வாறு கண்டடைந்தது என்பதைக் காட்டவில்லை. இழையின் நுனியிலுள்ள வளர்கூம்பைக் கஹால் 1890-லேயே கோழிக்கருவில் கண்டறிந்தார். அதற்கு வழி காட்டுபவை சில புரதங்கள். சீவல்களுக்கு ஏற்றிய சாயங்கள் உயிரணுவின் உடலைக் காட்டுமேயன்றி அப்புரதங்களைக் காட்டா.

அவற்றுள் ஒன்று நெட்ரின். 1994-இல் டெசியர்-லவின் குழுவினர் கோழிக்கருவின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தனர். வழிநடத்துபவர் எனப் பொருள்படும் வடசொல்லிலிருந்து பெயர் வைத்தனர். அழகான பெயர்தான், ஆனால் புரதமே கட்டளையிடுவதுபோல் எண்ண வைக்கிறது. மறுபுறம் செல்லவேண்டிய இழைகளை நடுக்கோட்டை நோக்கி ஈர்க்கும் அதே நெட்ரின், வேறு சில இழைகளை விலக்குவதாக 1995-இல் தெரியவந்தது.

மணப்பாட்டுக் கலங்கரை விளக்கத்தை எண்ணிப் பாருங்கள். கரை திரும்பும் மீனவருக்கு அவ்வொளி 'வா' என்கிறது. கடந்து செல்லும் பெரிய கப்பலுக்கோ 'விலகு' என்கிறது. ஒளி ஒன்றே. நரம்பிழையிலும் முடிவு செய்வது அதன் மேலுள்ள ஏற்பிப் புரதங்கள்: டி.சி.சி. இருந்தால் ஈர்ப்பு; யு.என்.சி.-5 உடன் சேர்ந்தால் விலகல்.

இவ்வுவமையும் முழுதும் பொருந்தாது. நடுக்கோட்டின் அடித்தட்டில் சுரக்கும் நெட்ரினை மட்டும் எலிக்கருக்களில் 2017-இல் நீக்கிப் பார்த்தனர். பின்மூளையில் இழைகள் அப்போதும் நடுக்கோட்டைக் கடந்தன! வழியோர உயிரணுக்கள் சுரக்கும் நெட்ரினே அங்கு போதுமானதாயிருந்தது. தொலைவு விளக்கா, காலடித் தடமா என்ற விவாதம் அதன்பின் சூடுபிடித்தது.

ஆகவேதான் எந்த வாரத்தில் எந்த உயிரணு எப்புரதத்தைச் சுரக்கிறது என்பதைக் குறிக்கும் இன்னோர் அடுக்கு 'தரணி'க்குத் தேவைப்படுகிறது. அதனைச் சேர்க்கும்போது, படங்களில் ஆங்கிலத்தில் உள்ள உறுப்புப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் இட்டால், பள்ளியில் தமிழில் உயிரியல் படித்தவன் அகராதியைத் தேடாமலே பார்ப்பான்.